தின்பது உடம்பில் ஒட்டவில்லை

"நல்லாத்தான் துன்றான்பா. துன்றது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு பால்வாடி வாசலில், எடை போட்டு இறக்கிய பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அந்தப் பாட்டி சொன்னார். பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. அட்டையில் டீச்சர் வைத்த புள்ளி போன மாதப் புள்ளிக்கு நேராகவே நின்றது. வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. பருப்பு உண்டு, முட்டை உண்டு, இங்கே வாங்கிப்போகும் சத்துமாவு உண்டு. பேதி இல்லை, ஜுரம் இல்லை. டாக்டரிடம் காட்டினால் "ஒன்றுமில்லை, நல்லா சாப்பிடக் கொடுங்க" என்கிறார். பிள்ளை மட்டும் வளரவில்லை.

இதே வார்த்தையை என் தம்பியைப் பற்றி எங்கள் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சவலை பாய்ந்துவிட்டது என்பார். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துப் புகட்டுவார். தொக்கம் எடுக்க அழைத்துப்போவார். அந்தப் பேச்சையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிய வயது எனக்கும் இருந்தது. இப்போது அப்படி ஒதுக்க மனம் வருவதில்லை. தின்பது வேறு, அது உடம்பில் சேர்வது வேறு, இடையில் குடல் என்று ஒன்று இருக்கிறது, அங்கேதான் ஏதோ சரியில்லை என்று அந்தக் கிழவிகள் கணித்தது சரியான கணிப்பு. அதை அளந்து பார்க்க ஒரு சோதனையும் இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு வகைச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, ஐந்து மணி நேரம் மூத்திரத்தைப் பிடித்து, உள்ளே போனதில் எவ்வளவு வெளியே வந்தது என்று பார்ப்பது. இந்தச் சோதனையை உலகிலேயே மிகக் கவனமாகச் செய்து பார்த்த இடங்களில் ஒன்று, நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், அதே பாலாற்றுக் கரையில் இருக்கும் வேலூர்.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது

தறியிலிருந்து அறுத்த புடவையை எங்கள் ஊரில் அப்படியே மடித்துவிட மாட்டார்கள். இருவர் இரண்டு முனையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். இழை விலகிய இடம் அப்போதுதான் கண்ணில் படும். கோர்வைப் புடவை என்றால் கண் முதலில் போவது உடலும் கரையும் சேரும் இடத்துக்கு. அங்கே உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டால் வெளிச்சம் உள்ளே வரும்.

சிறுகுடலின் உள்சுவரும் இப்படிக் கோக்கப்பட்டதுதான். ஒரே ஒரு வரிசைச் செல்கள். அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் புரதக் கண்ணிகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சுவர் முழுக்க விரல் விரலாக எழுந்து நிற்பவை குடலுறிஞ்சிகள். இந்த விரல்கள் நீளமாக இருந்தால்தான் சோற்றின் சாரத்தை உறிஞ்ச இடம் கிடைக்கும். கண்ணிகள் இறுக்கமாக இருந்தால்தான் குடலுக்குள் இருக்கும் கிருமியும் கழிவும் ரத்தத்துக்குள் நுழையாது. ஆக, கெடுவதற்கு இரண்டு வழி. விரல் தேய்வது ஒன்று, கண்ணி தளர்வது ஒன்று. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

ஒரு கைக்குழந்தையின் குடலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க முடியுமா? குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம். காய்ச்சல்கூட இல்லாத பிள்ளைக்கு அதைச் செய்ய எந்தத் தாய் சம்மதிப்பாள்? லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த இயன் மென்சீஸ் 1974-ல் இதற்கு வேறொரு வழி சொன்னார். உடம்பு எரித்துச் செலவழிக்காத சர்க்கரைகளைக் கொடுங்கள். அவை குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால் சிறுநீரகம் அப்படியே வடித்துவிடும். மூத்திரத்தில் இருக்கும் அளவே குடல் எவ்வளவு விட்டது என்பதற்குக் கணக்கு.

இன்று பயன்படும் இரண்டு சர்க்கரைகளும் நமக்குத் தெரியாதவை அல்ல. லாக்டுலோஸ், மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் பாட்டிலில் விற்கும் சிரப். மேனிடால், மூளை வீக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்பில் ஏற்றுவது. லாக்டுலோஸ் பெரிய மூலக்கூறு, எடை 342. நல்ல குடலில் அதற்கு வழியே கிடையாது, நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. மேனிடால் சிறியது, எடை 182. நல்ல குடல் அதைத் தாராளமாக உள்ளே விடும். விரல்கள் தேய்ந்து பரப்பு சுருங்கினால் அது குறையும். லாக்டுலோஸ் கூடினால் கண்ணி தளர்ந்திருக்கிறது. மேனிடால் குறைந்தால் ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை.

எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். வேலூரில் பயன்படுத்திய கணக்குப்படி கிலோவுக்கு 2 மில்லி, ஆக 16 மில்லி கரைசல். அதில் லாக்டுலோஸ் 4 கிராம், மேனிடால் 800 மில்லிகிராம். ஐந்து மணி நேர மூத்திரத்தில் லாக்டுலோஸ் 10 மில்லிகிராம், மேனிடால் 80 மில்லிகிராம் வந்தது என்று வைத்துக்கொண்டால், கொடுத்ததில் முறையே கால் சதவீதம், பத்து சதவீதம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.025. இன்னொரு குழந்தைக்கு அதே மருந்தில் லாக்டுலோஸ் 40, மேனிடால் 40 வருகிறது. ஒரு சதவீதம், ஐந்து சதவீதம். விகிதம் 0.2. எட்டு மடங்கு. வெளியில் பார்த்தால் இரண்டு குழந்தைகளும் ஒன்றுபோலச் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஏன் இரண்டு சர்க்கரை என்று எனக்கும் முதலில் தோன்றியது. குழந்தை கொஞ்சம் துப்பிவிடும். வயிறு மெதுவாக இறக்கும். மூத்திரம் கொஞ்சம் தரையில் போய்விடும். இந்தக் குளறுபடியெல்லாம் இரண்டு சர்க்கரையையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும், அதனால் விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஒரு தராசுக்கு இரண்டு தட்டு எதற்கோ, அதற்குத்தான் இரண்டு சர்க்கரை.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது. செய்வது எப்படிப்பட்ட பாடு என்று குழந்தை வளர்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிறிது நேரம் பால் கொடுக்காமல் பசியோடு அழும் பிள்ளைக்கு இனிப்பு நீரைப் புகட்ட வேண்டும். சின்னப் பிளாஸ்டிக் பையை மூத்திரத் துவாரத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். பெண் குழந்தைக்கு அது நிற்காது, வியர்வையில் கழன்றுவிடும். தாய் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே தொடையில் உட்கார்த்தி வைத்திருப்பாள். சேர்ந்த மூத்திரத்தில் கிருமி வளராமல் மருந்து சேர்த்து, அளந்து, ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோய் உறைய வைக்க வேண்டும். கிருமி வளர்ந்தால் சர்க்கரையைத் தின்றுவிடும். அங்கே எச்.பி.எல்.சி. என்ற கருவி மூத்திரத்தின் ஆயிரம் சரக்கிலிருந்து இந்த இரண்டை மட்டும் பிரித்துக் காட்டும். காலிபிளவர், காளான் போன்றவற்றில் மேனிடால் இயல்பாகவே உண்டு. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வேலூர் கண்டது

வேலூர் சி.எம்.சி.யில் குடலைப் பற்றிய ஆராய்ச்சி இந்தச் சோதனையைவிட மூத்தது. 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் பேதி தொடங்கி மாதக்கணக்கில் நின்று, ஆளை உருக்கிவிடும் நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. செல்வின் பேக்கரும் வி.ஐ.மாதனும் அதைப் பின்தொடர்ந்தார்கள். அப்போதும் மூத்திரம்தான் சாட்சி: சைலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்து ஐந்து மணி நேரம் பிடித்துப் பார்ப்பார்கள். நோயாளிகளிடம் சர்க்கரை குறைவாக வந்ததில் வியப்பில்லை. நோயே இல்லாத, வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதர்களிடமும் குடல் பழுதுபட்டிருந்தது என்பதுதான் அவர்களை உலுக்கியது.

அந்தக் குழுவினர் 1969-ல் வெளியிட்ட ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. பிறக்குமுன் இறந்த சிசுக்களின் குடலில் உறிஞ்சிகள் விரல் விரலாக நீண்டிருந்தன. லண்டன் குழந்தையின் குடல் போலத்தான். பிறந்து இந்த மண்ணில் வளர்ந்தவர்களிடம் அவை தட்டையாகி, இலை போலவும் வரப்பு போலவும் ஆகியிருந்தன. பழுது ரத்தத்தில் வரவில்லை, சாதியில் வரவில்லை. தாயின் வயிற்றை விட்டு வெளியே வந்து நம் தண்ணீரையும் மண்ணையும் தொட்ட பிறகு வந்தது. இதே காலத்தில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலும் இப்படி மாறியதையும், ஊர் திரும்பிய பிறகு அது சீரானதையும் லிண்டன்பாம் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பது. வாழும் இடம் விட்டுக்கொடுத்தால் அது ஆறிவிடும்.

பெரியவர்களுக்கு இது தாங்கக்கூடிய சேதம். வளரும் குழந்தைக்கு? 1991-ல் பீட்டர் லன் என்பவரின் குழு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக் கைக்குழந்தைகளுக்கு லாக்டுலோஸ்-மேனிடால் சோதனையை மாதாமாதம் போலச் செய்து பார்த்தது. அங்கே வளர்ச்சி தேங்கியதில் 43 சதவீதத்தைக் குடல் கசிவைக் கொண்டு விளக்க முடிந்தது. 'லான்செட்' இதழில் அது வந்தபோது, சோறு போதவில்லை என்று மட்டுமே பேசிவந்த ஊட்டச்சத்து உலகம் திரும்பிப் பார்த்தது.

2009-ல் தொடங்கிய எம்.ஏ.எல்-இ.டி. ஆய்வு எட்டு நாடுகளில் எட்டு இடங்களை எடுத்துக்கொண்டது. டாக்கா, நேபாளத்தின் பக்தபூர், பிரேசிலின் போர்டலேசா, பெருவின் லொரேட்டோ, தான்சானியாவின் ஹைடம், இன்னும் பாகிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒவ்வோரிடம். இந்தியாவுக்கு வேலூர். ககன்தீப் காங் தலைமையில், நெருக்கமான, பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் பல உள்ள பகுதிகளில் சுமார் 250 குழந்தைகளைப் பிறந்த நாள்தொட்டு இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். வாரம் இருமுறை களப்பணியாளர் வாசலில் வந்து நிற்பார். மாதம் ஒருமுறை உயரம், எடை, மலம். மூன்று, ஆறு, ஒன்பது, பதினைந்து மாதங்களில் அந்த இனிப்பு நீரும் மூத்திரப் பையும். அந்தத் தாய்மார்கள் மீண்டும் மீண்டும் கதவைத் திறந்தார்கள். இந்த நாட்டு மருத்துவம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

கிடைத்த விடை காம்பியாவைப் போல் ஒற்றை வரியில் அடங்கவில்லை. மூத்திர விகிதத்தை மட்டும் வைத்து இந்தக் குழந்தை குள்ளமாகும், இது ஆகாது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வேறொன்று தெளிவாயிற்று. பேதியே இல்லாத நாட்களிலும் குழந்தைகளின் மலத்தில் நோய்க்கிருமிகள் நிறைந்திருந்தன. கோழி, மண், தண்ணீர் வழியே வரும் கேம்பிலோபாக்டர், எட்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளிடம் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறையாவது காணப்பட்டது. அது அதிகம் இருந்தவர்கள் உயரத்தில் பின்தங்கினார்கள், குடல் கசிவும் அவர்களிடம் கூடுதல். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி சீக்கிரமே குடியேறிய பிள்ளைகளிடமும் கசிவும் வளர்ச்சிக் குறைவும் சேர்ந்து வந்தன. "ஒன்றுமில்லை" என்று நாம் அனுப்பிவைத்த குழந்தைகள் ஓசையில்லாமல் ஒரு போரில் இருந்திருக்கிறார்கள். சாப்பிட்டதில் ஒரு பங்கு அந்தப் போருக்குப் போய்விட்டது.

இதே குடல்தான் சொட்டு மருந்தையும் தடுக்கிறது என்ற சந்தேகம் வேலூருக்குப் பழையது. வாய்வழி போலியோ மருந்து இங்கத்திய குழந்தைகளிடம் மேலைநாடுகளில் பிடித்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்று டி.ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே எழுதினார். அப்படியானால் கிருமியைக் கொன்றுவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால்? அதையும் வேலூரில் செய்து பார்த்தார்கள். அசித்ரோமைசின் கொடுத்ததில் கிருமி குறைந்தது, குடல் அழற்சி குறைந்தது, ஆனால் சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. 2016-ல் வந்த முடிவு இது. ஒரு மாத்திரையில் தீரும் காரியமாக இது இருந்திருக்கக் கூடாதா என்று ஆதங்கம் வருகிறது.

தனிப் பிள்ளைக்கு இது எதற்கு?

எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம். மூன்று வயதில் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரும் பட்டு நெசவு. சென்னையில் ஓரிடத்தில், குடல் கசிவதால்தான் பிள்ளை இப்படி இருக்கிறான், மூத்திரத்தை அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பதினைந்து நாள் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்த புடவையின் கூலி அந்தச் சோதனைக்குப் பத்தவில்லை. வண்ண வண்ணக் கட்டங்களோடு ஒரு ரிப்போர்ட் வந்தது. பிறகு கோதுமை வேண்டாம், பால் வேண்டாம், இந்தப் பொடி, அந்தச் சொட்டு. எட்டு மாதம் ஆயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு வைத்திருந்த பணம் போயிற்று. தயிர்சாதம் மட்டுமே விரும்பித் தின்ற குழந்தை இன்னும் இளைத்தான்.

இதை எழுதும் துணிவு எனக்கு அந்தப் பிள்ளையின் அம்மா அழுததிலிருந்து வந்தது, ஆகையால் தெளிவாகவே சொல்கிறேன். 1996-ல் இத்தாலியில் ஆட்டிசம் உள்ள 21 குழந்தைகளில் 9 பேரிடம் கசிவு கூடுதல் என்று ஓர் ஆய்வு வந்தது உண்மை. பின்னர் வந்த சில ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. கசிவு இருந்தாலும் அதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்றாகாது. கசிவை அடைக்க நிரூபிக்கப்பட்ட பொடியும் கிடையாது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே முறையில் சோதித்து ஒரு ஊரின் நிலைமையை அறிய இந்தச் சோதனை உதவும். ஒரு குழந்தைக்கு நேற்றைய பேதி, இன்றைய சளி, கழன்றுபோன ஒரு பை, இவை போதும் எண்ணை மாற்ற. இன்ன எண்ணுக்கு மேல் போனால் நோய் என்று எல்லா லேபுக்கும் பொதுவான கோடு கிடையாது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயைச் சந்தேகித்தால் அதற்கென்றே ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வளர்ச்சி தேங்கிய பிள்ளைக்கு உயரம், எடை, ரத்தசோகை, மலம், காசநோய் என்று பார்க்க அரசு மருத்துவமனையிலேயே வழி இருக்கிறது. யாராவது உங்கள் குழந்தையின் மூத்திரத்தைக் காட்டி விலையுயர்ந்த டப்பாவை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

தண்ணீர் வரும் நேரம்

தமிழ்நாடு பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நாட்டுக்கே முன்னோடி. 1980-லேயே மாதாமாதம் எடை பார்த்து ஊட்டச்சத்துக் கொடுக்கும் திட்டம் வந்தது, 1982-ல் சத்துணவு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று, நம் காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இந்தியா முழுமைக்கும் இது 35.5. நாம் மேல்தான். ஆனால் நாலு பிள்ளையில் ஒன்று. பள்ளிக்கூடத்துத் தட்டு வருமுன், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளாகவே, இழந்த உயரம் இது.

சுத்தம் செய்தால் சரியாகிவிடுமா? வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கழிப்பறை, சோப்பு, தண்ணீர் சுத்திகரிக்கக் குளோரின் கொடுத்து 2018, 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். பிள்ளைகளின் உயரம் அதனால் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்தவர்களிடம்தான் சிறிதளவு கூடியது. இதைக் காட்டிச் சிலர் சாக்கடைக்குச் செலவழிப்பது வீண் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சோதனைகளில் வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளோரின் டப்பாவும் கிடைத்தன. தெரு அப்படியே இருந்தது. தவழும் பிள்ளை மண்ணைத் தின்றுகொண்டுதான் இருந்தது. லண்டன் பிள்ளையின் குடலுக்குக் கிடைத்தது டப்பா இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தத்தோடு வரும் குழாய்த் தண்ணீர், மண்ணுக்கடியில் மூடிய சாக்கடை. அந்தச் சோதனைகள் அதைக் கொடுத்துவிட்டு உயரத்தை அளக்கவில்லை.

எங்கள் ஊரில் மஞ்சள் நீர்க் கால்வாய் என்று ஒன்று ஓடுகிறது. பெயர் எத்தனை மங்கலம்! அதன் கரையில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். கோயில் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

பால்வாடியிலிருந்து அந்தப் பாட்டியோடு அவர் வீடுவரை நடந்தேன். உள்ளே மருமகள் தறியில் இருந்தாள். பக்கத்தில் தூளி. பாட்டி என்னைக் கேட்டார்: "ஏம்பா, இதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்குதா?" தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், பால்புட்டி வேண்டாம், முட்டையை நிறுத்தாதீர்கள், மலம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

அப்போது தெருவில் "தண்ணி வந்துட்ச்சி" என்று குரல் கேட்டது. அழுத்தம் போதாததால் அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் இரண்டடிக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. பாட்டி பேரனை என் கையில் கொடுத்துவிட்டுக் குழிக்கருகே குந்தினார். இரவெல்லாம் ஊறி நின்ற கறுப்புத் தண்ணீர் குழாயின் வாய்வரை இருந்தது. ஒரு பிளாஸ்டிக் சொம்பால் அதை மொண்டு மொண்டு சாக்கடையில் ஊற்றினார். குழாயின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு குடத்தை உள்ளே இறக்கினார்.